மச்சாள் எதிரே வந்த காலை

"…மறிக்கத்தான் அழிச்சனான் பிள்ளை. அவர் இல்லையெண்டு அழிக்கேல்லை. ஆரும் கேட்டா நீ அப்பிடித்தான் சொல்லவேணும், என்ன?" என்றார் மச்சாள்.

எங்கள் வீட்டு நடு அறையில், சுவரில் தொங்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைச் சொன்னார். என் கணவரை ஏற்றிய வான் அப்போதுதான் ஒழுங்கை முடக்கில் திரும்பியிருந்தது. அது கிளப்பிய செம்மண் தூசி யன்னலால் உள்ளே வந்துகொண்டிருந்தது. மச்சாள் என் கணவருடைய அக்கா. அவருடைய நெற்றியில் பொட்டு இல்லை. நான் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாய் வந்த நாளிலிருந்து அவரைப் பொட்டில்லாமல் கண்டதேயில்லை. காய்ச்சலில் பாயோடு கிடந்தபோதுகூட, எழும்பி முகம் கழுவி, குங்குமத்தை வைத்துவிட்டுத்தான் திரும்பப் படுத்தவர்.

அவர் பிறகு என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் விளங்காது. எங்கள் ஒழுங்கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

இரணைமடுத் தண்ணீர் வரும் வாய்க்காலை ஒட்டியது எங்கள் ஒழுங்கை. இருபக்கமும் சேர்த்து எட்டு வீடு. ஆம்பிளை உள்ள வீடு மூன்று. மற்ற வீடுகளில் சிலர் தங்கள் ஆம்பிளை செத்ததைக் கண்ணால் கண்டவர்கள், சிலர் காணாதவர்கள். நான் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். மிச்சத்தைக் கடையில் சாமான் சுற்றித் தரும் பேப்பரில் வாசித்துப் பழகினேன். எனக்குத் தெரிந்த ஒரே கெட்டித்தனம், ஆர் என்ன கதைத்தாலும் அது அப்படியே காதில் ஒட்டிக்கொள்வதுதான். அதனால் இங்கே எழுதுவதில் பாதி என்னுடையதில்லை, எங்கள் ஒழுங்கை சொன்னது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் பயணம் வெளிக்கிடும்போது முழுவியளம் பார்ப்பார்கள். வாசல் படலையைத் தாண்டும்போது முதலில் எதிரே வருவது யார் என்பதுதான் விஷயம். நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி வந்தால் நல்லது. கணவனை இழந்தவள் வந்தால் பயணம் பிழை. அப்படிப் பிழைத்தால் திரும்பி உள்ளே போய், கதிரையில் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும். இது சரியா பிழையா என்று வாதாட நான் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் பிழை என்று பேசுகிறவர்களும் வெளிக்கிடும்போது இரண்டு பக்கமும் ஒருக்காப் பார்த்துக்கொள்வார்கள்.

கரைச்சல் என்னவென்றால், இப்படியான ஒழுங்கையில் எதிரே வருவதற்கு ஆளைத் தேடவேண்டும். கடைசி வீட்டு அக்காவைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடச் சோதனைக்குப் போகிற பிள்ளைக்கும் அவா, வெளிநாடு போகிறவருக்கும் அவா. அவா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. "என்ர மனுசன் குடிச்சுப்போட்டு வாய்க்காலுக்குள்ள கிடந்தாலும் உசிரோட கிடக்குது பாருங்கோ. அதாலதான் இந்த ஒழுங்கையில எனக்கு மரியாதை."

மச்சாளுடைய நிலை வேறு. சண்டை முடிந்த நாளில், பெயர் பதிந்துவிட்டு விடுவோம் என்று சொல்லி ஆமி பஸ்ஸில் ஏற்றிய ஆண்களோடு அவருடைய கணவரும் ஏறினார். யன்னலால் கையைக் காட்டினாராம். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. மச்சாள் அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வீதியோரக் கொட்டகையில், காணாமற்போனவர்களைக் கேட்டு இருக்கும் மற்றப் பெண்களோடு இன்றைக்கும் போய் இருக்கிறார். பொட்டை அழிக்கவில்லை. ஆனால் ஒழுங்கையில் யாராவது பயணம் போகிறார்கள் என்று தெரிந்தால், ஒருவரும் சொல்லாமலே பின்வளவுக்குப் போய்விடுவார். "நான் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. ஏன் வீணா மற்றவைக்குச் சந்தேகம்" என்பார். எங்கள் இரண்டு வளவுக்கும் இடையிலுள்ள வேலியில் ஒரு பொட்டு விட்டிருந்தோம், ஓர் ஆள் குனிந்து புகுந்து வரத்தக்க இடைவெளி. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதெல்லாம் அதனால்தான்.

எனக்கு அவர் மச்சாள் மட்டுமில்லை. என்னுடைய அப்பா மலைநாட்டில் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர். இவருடைய, என் கணவருடைய, ஆட்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து காணி கிடைத்து வந்து குடியேறியவர்கள். கல்யாணம் பேசியபோது அந்தப் பக்கத்தில் முணுமுணுத்தார்கள். "எல்லாரும் ஒரே குளத்துத் தண்ணிதானே குடிக்கிறம், அது தொண்டைக்குள்ள ஆளைப் பாத்தே இறங்குது?" என்று கேட்டு அவர்களுடைய வாயை அடைத்தவர் மச்சாள்தான். என் கணவரை வளர்த்ததும் அவர்தான். தாய் இடம்பெயர்வில் போய்விட்டா. கடைசிச் சண்டைக்காலத்தில் பள்ளிக்கூடம் போன தம்பியை இயக்கம் பிடித்துக்கொண்டு போனபோது, சைக்கிளில் பின்னாலேயே துரத்திக்கொண்டு போனவர் அவர். தம்பி உயிரோடு திரும்பி, பிறகு தடுப்பு முகாமிலும் இருந்து வந்தார். அதற்குள் மச்சாளுடைய கணவர் போய்விட்டார்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

தடுப்பில் இருந்து வந்தவருக்கு இங்கே வேலை கிடைப்பது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். காவலாளி வேலைக்குக்கூட விசாரிப்பார்கள். விசாரித்ததும் முகம் மாறும். வயல் எங்களுக்கு இருந்தது, ஆனால் ஒரு போகம் வெள்ளம், மற்றப் போகம் தண்ணீர் இல்லை. பூநகரியில் கொஞ்ச நாள் களங்கண்ணி வலை கட்டி மீன் பிடிக்கப் போனார். துணுக்காயில் நெல் வெட்டும் மெசினோடு திரிந்தார். ஒன்றிலும் நிலைக்கவில்லை. அப்போதுதான் ஒரு முகவன் வந்தான். பனி பெய்கிற ஒரு தூர நாட்டில் சண்டை நடக்கிறது, அந்தப் படைக்குச் சமைக்க ஆள் எடுக்கிறார்கள், ஒரு வருடம் நின்றால் அந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைக்கும், பிறகு மனைவி பிள்ளையையும் கூப்பிடலாம் என்றான். அந்த நாட்டின் பெயரை எங்கள் வீட்டில் இப்போது சொல்வதில்லை. இங்கேயும் எழுதவில்லை.

"குசினி வேலைதானப்பா" என்றார் இவர்.

"இஞ்ச ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியாத மனுசனை, அவ்வளவு தூரத்தில இருந்து சமைக்கக் கூப்பிடுறாங்களோ?" என்றேன்.

"வெங்காயம் உரிக்கலாந்தானே."

"வெங்காயம் உரிச்சா அழுவியள். நான் பாத்திருக்கிறன்."

சிரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. நம்பவேண்டும்போல் இருந்தது, நம்பினேன்.

போவதற்கு முந்திய கிழமை, பின்வளவில் வாழை வைக்கக் கிடங்கு கிண்டினார். காலையில் தொடங்கினவர் மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. மண்வெட்டிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. மச்சாள் முருங்கையிலைக் கறியோடு வேலிப் பொட்டால் புகுந்து வந்தவர், கிடங்கைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். நானும் குசினியில் இருந்து வெளியே வந்து பார்த்தேன்.

வாழைக்குழி வட்டமாக இருக்கும். இது நீளமாகப் போய் ஓரிடத்தில் முழங்கைபோல மடங்கியிருந்தது. ஒரு பக்கம் படி வெட்டியிருந்தார். அள்ளிய மண் முழுவதையும் ஒரே பக்கத்தில் அணையாகக் குவித்துத் தட்டியிருந்தார். வன்னியில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. நாங்கள் எல்லோரும் அப்படியான பங்கருக்குள் இருந்துதான் வளர்ந்தோம்.

"தம்பி, உது ஆருக்கு?" என்று கேட்டார் மச்சாள்.

"வாழைக்கு அக்கா."

"வாழை குந்தியிருந்து எட்டிப் பாக்குமோ?"

இவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கிடங்கைப் பார்த்தார். தான் கிண்டியதை அப்போதுதான் கண்டவர்போல் இருந்தது அவருடைய முகம். மண்ணைத் திரும்பத் தள்ளத் தொடங்கினார். மச்சாள் கறிச்சட்டியை என் கையில் தந்துவிட்டு, "கை தன்ர பாட்டில பழக்கத்துக்குப் போகுது பிள்ளை. உவன் சமைக்கப் போகேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு மச்சாள் தம்பியோடு கதைத்துப் பார்த்தார், கத்திப் பார்த்தார், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தார். இவர் எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா" என்பார். மறுநாள் குளிர்ச்சட்டை வாங்கிக்கொண்டு வருவார். நான் அழுதேன். என் அழுகை அவருக்குப் பழக்கம். மகள் மட்டும்தான் சந்தோசமாய் இருந்தாள். அப்பா போனதும் பெரிய கட்டிலில் தான் படுக்கலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

வெளிக்கிடும் காலை. பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்து, சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றி, திருநீறு பூசி விட்டேன். மகளைத் தூக்கிக் கொஞ்சினார். மச்சாள் விடியவே வேலிப் பொட்டில் தலையை மட்டும் நீட்டி, "நான் வழமைபோலப் பின்பக்கமாப் போறன்" என்று சொல்லியிருந்தார். தம்பியைப் பார்க்காமலா என்று கேட்டேன். நீட்டிய தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நேரம் நெற்றியில் பொட்டு இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம்.

கடைசி வீட்டு அக்கா குடத்தோடு ஒழுங்கையில் நின்று சத்தம் போட்டா. "வெளிக்கிட்டாச்சோ? கெதியா வாங்கோவன், குடம் கனக்குது! என்ன, ஆள் போறதோ, நான் இதிலேயே மூச்சடங்கிறதோ?"

இவர் வாசல்படி இறங்கினார். குடம் எதிரே வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. வான் சாரதி பையை வாங்கிப் பின்னால் வைத்தான். இவர் படலையில் கை வைத்தார். அப்போது பக்கத்துப் படலை திறந்தது. மச்சாள் ஒழுங்கைக்கு வந்தார்.

அவர் அந்தப் படலையால் வெளியே வந்து நான் பார்த்ததே குறைவு. வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை. தலையை இழுத்து முடிந்திருந்தார். மெல்ல நடந்து வந்து, வானுக்கும் தம்பிக்கும் நடுவில், தம்பியின் முகத்துக்கு நேரே நின்றார். அப்போதுதான் நெற்றியைக் கண்டேன். வருடக்கணக்காகக் குங்குமம் இருந்த இடம் மட்டும் வெளிறி, ஒரு வட்டமாய்த் தெரிந்தது.

"ஐயோ அக்கா, இதென்ன வேலை பாத்தனீங்கள்!" என்று கத்தினா குடத்துக்காரி. தம்பிக்கு எதிரே நின்றதற்காக அவா கத்தவில்லை. அந்த நெற்றிக்காகக் கத்தினா. ஒழுங்கை முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

மச்சாள் எவரையும் பார்க்கவில்லை. "முழுவியளம் பிழைச்சுப்போச்சு தம்பி. உள்ள போ" என்றார்.

வான் சாரதி வவுனியாப் பெடியன். இயந்திரத்தை நிறுத்திவிட்டான். "அண்ணை, போய் ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு வாங்கோ. இப்பிடி ஏத்திக்கொண்டு ஓட என்னால ஏலாது, ஏ-ஒன்பது வீதி முழுக்க லொறி" என்றான். எனக்கு அவனைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

இவர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். நான் வீட்டில் உள்ளதற்குள் பெரிய கிளாசை எடுத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். அவ்வளவும் குடிக்க நேரம் எடுக்கட்டும் என்று. நாங்கள் இரண்டு பேரும் உண்மையாய்க் கதைத்தது அந்தத் தண்ணீர் குடிக்கிற நேரம் மட்டும்தான்.

"சமைக்கப் போகேல்லைத்தானே?"

"இல்லை."

"பிறகு ஏன் போறியள்?"

கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "இஞ்ச, நான் முந்தி என்ன செய்தனான் எண்டு சொன்னா வேலை தரமாட்டாங்கள். அங்க அதைச் சொன்னாத்தான் வேலை. என்ர வாழ்க்கையில முதல்முதல் ஒருத்தன் அதைக் கேட்டிட்டு, 'நல்லது, வா' எண்டிருக்கிறான்."

"பயமில்லையோ?"

"பயம்தான். ஆனா அது தெரிஞ்ச பயமப்பா. இஞ்ச விடிய எழும்பேக்க வாறது என்ன பயமெண்டே தெரியேல்லை."

எவ்வளவோ பேருடைய சொல்லைக் காதில் வைத்திருக்கிறவள் நான், அந்த நேரம் ஒரு சொல்லும் உதவிக்கு வரவில்லை. "மிச்சத்தையும் குடியுங்கோ" என்றேன். பாதி குடித்தார். "காணும்" என்று மேசையில் வைத்தார். என் தலையில் கையை வைத்தார். பிறகு வெளியே போனார்.

மச்சாள் அசையாமல் நின்றார்.

"அக்கா, வழியை விடுங்கோ."

"திரும்பப் போய்த் தண்ணி குடி."

"எத்தினை தரம் குடிக்கிறது?"

"கிணறு வத்துமட்டும் குடி. நான் நிக்கிறன்."

யாரோ சிரித்தார்கள். வான்காரப் பெடியன் சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பினான். குடத்துக்காரி, "அக்கா, அது கோடைக்கும் வத்தாத கிணறு" என்றா. ஒரு நிமிசம் எல்லாம் வழமையான ஒரு காலைபோல ஆகிவிட்டது. இவர் போகமாட்டார் என்று நான் நம்பிய நேரம் அதுதான்.

இவர் அக்காவுக்குக் கிட்டப் போனார். "அக்கா, உங்களைக் கண்டுபோட்டுப் போனா பயணம் பிழைக்குமெண்டு நான் ஒருநாளும் நினைச்சதில்லை. நீங்கள் பின்வளவுக்குப் போற ஒவ்வொரு தரமும் எனக்கு விசர் வாறது. இண்டைக்கு முன்னால வந்தனீங்கள். எனக்கு இது காணும்." குனிந்து மண்ணில் முட்டிபோட்டு அவருடைய காலைத் தொட்டார். எழும்பி, அவரைச் சுற்றி நடந்து, வானில் ஏறினார்.

மச்சாளுக்கு அதற்குப் பிறகு மறிக்க ஒன்றும் இருக்கவில்லை. வான் அவரை விலத்திக்கொண்டு போனது. இவர் யன்னலால் கையைக் காட்டவில்லை. அது அக்காவுக்காக என்று எனக்குத் தெரியும்.

இது நடந்து இரண்டு மாரிகாலம் போய்விட்டது. முதலில் கொஞ்ச நாள் போன் எடுத்தார். பயிற்சி என்றார். பிறகு சண்டை முன்னுக்கு அனுப்புகிறார்கள் என்றார். கடைசியாய் வந்த படத்தில் ஒரு பதுங்குகுழிக்குள் நிற்கிறார், முகம் வீங்கிப்போய், தாடியில் பனி. "இஞ்சத்த மண் இரும்புமாதிரி. எங்கட மண்ணெண்டா இவ்வளவத்துக்கும் ரெண்டு கிண்டி முடிச்சிருப்பன் எண்டு அக்காட்டச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. முகவனுடைய நம்பரும் வேலை செய்யவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "ஆர் உங்களைப் போகச் சொன்னது?"

ஒருநாள் மச்சாளோடு நானும் அந்த வீதியோரக் கொட்டகைக்குப் போனேன், இவருடைய படத்தோடு. அங்கிருந்த பெண்கள் நல்லவர்கள், இடம் விட்டு இருத்தினார்கள், தேத்தண்ணி தந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா என் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வேறயடி மோனை. எங்கட ஆக்களைக் கொண்டுபோனவை. உன்ர மனுசன் தானாப் போனவர். ஆரிட்டப் போய்க் கேப்பாய்?" என்றா. கோபத்தில் சொல்லவில்லை. படத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்துத்தான் திருப்பித் தந்தா. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

கடைசி வீட்டு அக்கா இப்போதும் குடத்தோடு ஒழுங்கையில் வருகிறா. பயணம் வெளிக்கிடுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், அதே நாட்டுக்கும். அந்த நேரங்களில் பின்வளவில் மச்சாளோடு நானும் இருக்கிறேன். போ என்று ஒருவரும் சொல்லவில்லை.

வான் போன அந்தக் காலைக்குத் திரும்பி வருகிறேன். குடத்துத் தண்ணீரைக் குரோட்டன் செடி அடியில் ஊற்றிவிட்டு அந்த அக்கா போய்விட்டா. வாசல்களில் நின்றவர்களும் உள்ளே போய்விட்டார்கள். மச்சாள் மட்டும் என் பின்னால் வீட்டுக்குள் வந்து, கண்ணாடியைக் கண்டு, அதற்கு முன்னால் நின்றார். பிறகுதான் அதைச் சொன்னார், மறிக்கத்தான் அழித்தது என்று, அவர் இல்லையென்று அழிக்கவில்லை என்று.

"ஓம் மச்சாள், அப்பிடித்தான் சொல்லுவன்" என்றேன்.

குங்குமச் சிமிழ் எங்கே என்று கேட்டார். சுவாமித் தட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். மேசையில் இவர் பாதி குடித்துவிட்டு வைத்த கிளாஸ் இருந்தது. அதற்குள் விரல் நுனியை நனைத்து, குங்குமத்தில் தொட்டு, கண்ணாடியைப் பார்த்து நெற்றியில் வைத்தார். பொட்டு அந்த வெளிறிய வட்டத்தில் சரியாக விழாமல் இடப்பக்கம் சரிந்து, ஓரத்தில் கொஞ்சம் கசிந்தது. நேராக்க வேண்டுமென்றால் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கவேண்டும். கையைக் கீழே விட்டார். சிமிழை மூடி என்னிடம் தந்துவிட்டு, சரிந்த பொட்டோடு குசினிக் கதவால் இறங்கி, வேலிப் பொட்டுக்குள் குனிந்து தன் வளவுக்குப் போனார்.